பாரம் தூக்கக் கூடாது

சிவரூபன் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக் கிடந்தார். வயிற்றின்மேல் தலையணை, தலையணைமேல் போன். ஒப்பரேசன் என்று சொல்லித் துறைமுகப் பக்கத்துக் கந்தோரில் பத்து நாள் லீவு எடுத்திருந்தார். அவர் வராததால் அங்கே ஒரு வேலையும் நிற்கவில்லை.

"வணக்கம். சத்திரசிகிச்சை முடிந்து இன்று எட்டாவது நாள். நேரத்துக்கு உணவு எடுத்தீர்களா?"

கேட்டது போனிலிருந்த ஏஐ உதவியாளர். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"வந்திட்டா ரேடியோக்காரி! மெசினெல்லாம் எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டுது," என்று உதட்டைச் சுழித்தார் சிவரூபன். "ஓம், ஓம், எல்லாம் சாப்பிட்டாச்சு."

நோயாளிக்கென்று பக்கத்து வீட்டு பஸ்மியா கொடுத்துவிட்ட கோழி சூப்பைச் சட்டி வழித்துக் குடித்திருந்தார் மகாராசா.

"இன்று கொஞ்சம் நடந்தீர்களா?"

"காலமையிலயிருந்து நடைதான்."

அன்புவழிபுரத்தில் அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. மனைவி தயாளினி கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தாள். பத்தடிக்கு ஒருதரம் வாளியை இறக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோவன். எனக்கு ஏலாமல் கிடக்கு."

"நான் குளிக்கோணும். ரெண்டு வாளி தூக்கிறதுக்கு இவ்வளவு நாடகமே?"

போன் அடுத்த கேள்விக்குப் போனது. "பாரம் ஏதும் தூக்கினீர்களா? ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கினால் உள்தையல் விட்டுப்போகலாம். திரும்பவும் வெட்ட வேண்டி வரும். வீட்டில் இருப்பவர்களிடம் உதவி கேளுங்கள்."

சிவரூபன் முற்றத்தை ஒருதரம் பார்த்தார்.

"சீச்சீ, ஒரு துரும்பும் தூக்கேல்லை."

இந்த மனிசனைப் பற்றி நாலு வார்த்தை வாயில் வருகிறது. எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். தயாளினி வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனாள்.

"நன்றி. கடைசியாக, காயத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்."

"பெரிய கரைச்சலாக் கிடக்கு!"

தலையணையை எறிந்துவிட்டு, ஒரே எழும்பலில் எழும்பி, குளியலறையைப் பார்த்துக் கத்தினார் சிவரூபன்:

"தயாளினி, கெதியா வந்து உன்ர தையலைக் காட்டு!"