சாமியார் எடுத்த இன்சூரன்ஸ்

கதவைத் திறந்ததும் தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தையல் மெஷின்களும் தொப்பலாக நனைந்திருந்தன. வெட்டி அடுக்கிய பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியெல்லாம் சாயம் இறங்கிக் கிடந்தது.

ஒரே ஓட்டமாக மாடிக்குப் போனாள்.

மாடியில் குடியிருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். தனி ஆள். வீட்டில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், நாலு சட்டை. அதனால் அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் சாமியார். அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, குழாயை மூடிவிட்டு, யாரிடமோ போன் பேசி முடித்திருந்தார்.

"குழாயைத் திறந்து போட்டுட்டா வேலைக்குப் போனீங்க?"

"காலையில தண்ணி வரலைம்மா. வந்தா பக்கெட் நிறையட்டும்னு திறந்து வச்சேன். அவசரமா கூப்பிட்டாங்க, மூட மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"தப்புன்னு சொல்லிட்டா மெஷின் ஓடுமா? அதை வச்சுத்தான் எங்க வீட்டு அடுப்பே எரியுது!"

அவர் தலை நிமிரவில்லை. "இன்சூரன்ஸ் ஆபீசுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வருவாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே வந்து கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"என் பொழைப்பை முழுகடிச்சுட்டு, அந்த மனுஷன் தன் பாய்க்கு இன்சூரன்ஸ் கேக்கப் போறாராம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!"

"நாமளும் ஒண்ணு எடுத்திருக்கலாம். நீதான், வாடகை வீட்டுக்கு எதுக்கு, அதெல்லாம் ஹவுஸ் ஓனர் பாடுன்னே."

"அவருக்கும் போன் பண்ணிட்டேன். அவர் எடுத்தது சுவருக்கு மட்டும்தானாம். உள்ள இருக்கிறது நம்ம தலையெழுத்தாம்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வந்த இன்சூரன்ஸ்காரர் மாடிப்படி ஏறவேயில்லை. நேரே அவள் வீட்டுக்குள் வந்து மெஷின்களைப் போட்டோ எடுத்தார். நனைந்த துணியைக் குறித்துக்கொண்டார்.

"சார், வீடு மாறி வந்துட்டீங்க. நாங்க பாலிசியே எடுக்கலை."

"தெரியும்மா. மேல இருக்கிறவர் எடுத்திருக்கார். தன்னால பக்கத்து வீட்டுக்கு நஷ்டம் வந்தா ஈடு கட்டுற பாலிசி. மூணு வருஷமா கட்டிட்டு வர்றார்."

"அவர் சாமானுக்கு?"

"அதையும் சேர்த்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். 'எங்கிட்ட என்ன சார் இருக்கு? கீழ ஒரு அம்மா மெஷினை நம்பிப் பொழைக்கிறாங்க. என் வீட்டுத் தண்ணியோ தீயோ அவங்களைத் தொட்டுடக் கூடாது. அதுக்கு மட்டும் எழுதுங்க'ன்னுட்டார்."

தையல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படியும் ஒரு மனுஷனா!

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சார், எங்களுக்குக் கீழயும் ஒரு குடும்பம் இருக்கு. எனக்கும் ஒண்ணு எழுதுங்க."