ஒரே தட்டில்

“இதுவும் போச்சா?”

கூண்டுக்குள் குனிந்திருந்தவள் திரும்பவில்லை. “இல்லைங்க. மூச்சு இருக்கு.”

குஞ்சின் உச்சந்தலையில் இறகு இல்லை. ரத்தம் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றினாள். கிழட்டுக் கோழிகள் இரண்டும் எதுவும் நடக்காததுபோல் மண்ணைக் கிளறின. இளங்கோழிகள் அவற்றின் பின்னால் நின்று பார்த்தன.

கணவன் வாயில் பற்பசை நுரையோடு எட்டிப் பார்த்தான். “மூணு வாங்கினே. ஒண்ணுதான் மிச்சம். அதுவும் மொட்டை.”

“ஒண்ணைக் கொத்திக் கொன்னது அதுங்க. நடுக் கதவைத் திறந்துவிட்டது உங்க பெரியவன்.”

“ஏதோ விளையாட்டுக்குப் பண்ணிட்டான்.”

“இன்னொண்ணு, முட்டைக்கோழித் தீவனத்தைத் தின்னே போச்சு. அதுல சுண்ணாம்பு ஜாஸ்தி. சின்னதுக்கு ஆகாது.”

“எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கே. சேராதுன்னா சேராது. கோழியும் சேராது, எதுவும் சேராது.”

அவன் வாய் கொப்பளிக்கப் போனான். அந்த ‘எதுவும்’ யார் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் கணவன் இறந்தபின் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். இவனுக்கு மூத்த தாரத்துப் பையன்கள் இருவர். அவளுடைய பெண்ணை, மூன்று வயதில், தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். “கொஞ்ச நாள் சித்தி வீட்ல இருடா. அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்.” கொஞ்ச நாள், இரண்டு வருஷமாகியிருந்தது.

தங்கை வீடு தூரம். போனில் பேசினால் குழந்தை அழுதாள். “நீ பேசினா அன்னிக்கு முழுக்கச் சாப்பிட மாட்டேங்கறா அக்கா. கொஞ்ச நாள் பேசாம இரு. என் பசங்களோட பழகட்டும்” என்றாள் தங்கை. அதன்பின் குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்தே கூப்பிட்டாள். “நல்லாருக்காளா?” “நல்லாருக்கா.” வைத்துவிடுவாள்.

பெண்ணைக் கூட்டிவரலாமா என்று மறுபடி மறுபடி கேட்டதில், குஞ்சுகள் வாங்கிய புதிதில் கணவன் ஒருநாள் எரிச்சலில் கூண்டைக் காட்டினான். “இந்தக் குஞ்சுங்க அந்தக் கோழிங்களோட ஒரே தட்டில தின்னட்டும். அப்புறம் உன் பொண்ணைப் பத்திப் பேசு.”

அவன் அதை வாய்க்கு வந்தபடி சொன்னான். அவள் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவனுடைய வெல்டிங் பட்டறையில் கழித்துப்போட்ட கம்பி வலைகளைக் கேட்டு வாங்கினாள். பழைய கதவைப் பிடுங்கிவிட்டு, கூண்டின் நடுவே வலையை இழுத்துக் கட்டினாள். அந்தப் பக்கம் பெரியவை, இந்தப் பக்கம் மொட்டைக் குஞ்சு. பார்க்கலாம், கொத்த முடியாது.

பக்கத்து வீட்டுத் தையல்காரி சுவருக்கு மேல் தலை நீட்டினாள். “என்னடி, கோழிக்கு ரெண்டு ரூம் வீடா? நாங்களே ஒரு ரூம்ல அஞ்சு பேர் படுக்கறோம்.”

“சேத்து வைக்கறதுக்குத்தான் அக்கா பிரிச்சு வெக்கறேன்.”

“நல்லா இருக்கு போ, உன் நியாயம்.”

முட்டைக்கோழித் தீவனத்தை நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான தீவனம்தான். முட்டையிடுபவற்றுக்குச் சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில். வேண்டியது தின்னட்டும். குஞ்சின் தலைக் காயம் ஆறியதும் வலையின் அடியில் குஞ்சு மட்டும் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டினாள்.

குஞ்சு போனது. கொத்து வாங்கி ஓடிவந்தது. மறுபடி போனது. மறுபடி கொத்து. அவள் வலைக்கு வெளியே குந்தியிருந்து பார்த்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. “எங்களுக்கும் அந்தத் தீவனத்தையே போட்டுடுங்க” என்றான் பெரியவன். அவன் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவன் சிரித்தான். அவள் மறுபடி உலை வைத்தாள்.

சில நாள், வேண்டாம் என்று தோன்றியது. இந்த வீட்டுக்குள் வராமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது என்று தோன்றியது. அந்த நாட்களிலும் தீவனம் வைத்தாள்.

மொட்டையில் இறகு முளைத்தது. ஒரு மாலை, வலையை அவிழ்த்துச் சுருட்டி வெளியே வைத்தாள். நடுவில் ஒரே ஒரு தட்டு. கிழட்டுக் கோழி அலகை ஓங்கியது. குஞ்சு ஓடவில்லை. ஒரு அடி ஒதுங்கி நின்றது. பிறகு தட்டின் மறுபக்கம் போய்த் தின்ன ஆரம்பித்தது.

“ஏங்க. கொஞ்சம் வாங்க.”

பட்டறைக் கரியோடு வந்து நின்றான். வெகுநேரம் பார்த்தான்.

“சேந்துடுச்சே” என்றான். குரலில் சந்தோஷம் இல்லை. தோற்றவன் குரல். “சரி, போய்க் கூட்டிட்டு வா. பெரியவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான்.”

“வெச்சுக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

கூண்டோரம் உட்கார்ந்து தங்கைக்குப் போன் போட்டாள். இன்று பள்ளிக்கூட நேரம் பார்க்கவில்லை. அடித்ததும் எடுத்துவிட்டார்கள்.

“யாரு?”

குரல் கொஞ்சம் முற்றியிருந்தது. ஆனாலும் மகள்தான். அழுவாள் என்று பயந்து அவசரமாகச் சொன்னாள். “கண்ணு, நான்தான்டா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

மகள் அழவில்லை. “எங்க?” என்றாள். பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் போனைக் காதிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள்:

“அம்மா! பெரியம்மா பேசறாங்க!”