படித்துறைக் குழாய்

"ஏங்க, அந்தப் பழைய தலையணை எங்க? கிளி போட்ட உறையோட பரண்ல வெச்சிருந்தேனே?"

பிளம்பர் சட்டைப் பொத்தானை மாட்டியபடியே, "தூக்கிப் போட்டாச்சு. பஞ்சு பூரா கட்டி தட்டிப் போச்சு. அத வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார்.

"உறையோடவா? அந்தக் கிளி நான் கையால தச்சதுங்க!"

"வேற கிளி தச்சுக்கலாம். கிளம்பு, டீச்சர் காத்துக்கிட்டிருப்பாங்க."

மனைவி முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். நேற்று சாயங்காலம் கால்வாய்ப் பக்கம் போன மனுஷன் தோள்வரை சேறோடு திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கும் ஒழுங்கான பதில் இல்லை.

ஊருக்கு நடுவே ஓடும் அந்தக் கால்வாய்க்கு இருநூறு வயது. ஒரு காலத்தில் உப்பும் மரமும் ஏற்றிய படகுகள் போன வழி. அப்புறம் ஊரே அதில் குப்பையைக் கொட்டிக் கொட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் எல்லாரையும் சேறு அள்ள வைத்தார்.

பிளம்பர்தான் டீச்சருக்கு வலது கை. 'கால்வாய்க் காவலர்' என்ற பேட்ஜை டீச்சரே அவர் சட்டையில் குத்திவிட்டார். அடைப்பு எடுக்க மட்டுமே அவரைத் தேடிய தெரு, இப்போது "வாங்க சார்" என்கிறது. அந்த 'சார்' அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

போன வாரம்தான் வினை வந்தது. சேற்றுக்கு அடியிலிருந்து பழைய படித்துறை வெளியே வந்தது. கூடவே, கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு குழாயின் வாயும் வெளியே வந்தது. எந்த வீட்டிலிருந்தோ கழிவறைத் தண்ணீர் அது வழியாகக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது.

டீச்சருக்கு வந்ததே கோபம்! "எந்த வீடுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். அந்த வீட்டுக்காரங்க படத்தையும், இதைப் போட்டுக் குடுத்த பிளம்பர் படத்தையும் பாலத்துல பெரிய பலகையா வெப்பேன். போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்!"

பிளம்பர் சட்டையிலிருந்த பேட்ஜைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் குழாயைப் பதித்தது அவருடைய கைதான். தெருச் சாக்கடைக்கு இணைப்பு கொடுக்க ரோட்டைத் தோண்ட வேண்டும், அதற்கு அனுமதி கேட்டு அலைய முடியாதப்பா என்று ஒருவர் கெஞ்சினார். "என் வீட்ல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரிய வேணாம்" என்றும் சொன்னார். இவரும் ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். பலகையில் படம் ஏறினால் எந்த வீட்டில் இனி இவரைக் கூப்பிடுவார்கள்?

ஒவ்வொரு வீட்டுக் கழிவறையிலும் ஒவ்வொரு நிறச் சாயத்தைக் கரைத்து ஊற்றுவது, குழாயில் எந்த நிறம் வருகிறதோ அந்த வீடு. இதுதான் இன்றைய சோதனை. படித்துறையில் தெருவே கூடி நின்றது.

"என்ன இன்னிக்கு, குழாயில சொட்டுக்கூட வரல?" என்றார் சாப்பாட்டுக் கடைக்காரர்.

"சோதனைன்னு தெரிஞ்சு தண்ணிய நிறுத்தியிருப்பாங்க" என்று பிளம்பர் அவசரமாகச் சொன்னார்.

டீச்சர் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது.

"ஏன் என்னையே பாக்கறீங்க? என் கடையிலயே ஆரம்பிங்களேன்!"

"கூடாது. ஊருக்குச் சொல்றவ மொதல்ல தன் வீட்டக் காட்டணும்" என்ற டீச்சர், கால்வாயை ஒட்டியிருந்த தன் வீட்டின் பின்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க! சிவப்புச் சாயத்தைக் கரைச்சு ஊத்துங்க!"

அவருடைய கணவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நம்ம வீடு எதுக்கும்மா? நம்மளப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே!"

"ஊத்துங்கன்னா ஊத்துங்க."

ஒரு வாளி ஊற்றினார். எல்லாரும் குழாயையே பார்த்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு சொட்டு வரவில்லை. கூட்டம் கை தட்டியது. கணவர் நம்ப முடியாமல் வெளியே வந்து குழாயை உற்றுப் பார்த்தார். மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிளம்பர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் அத்தோடு விட்டாரா? "ஒரு வாளிதானே ஊத்தினாங்கன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. டிரம் முழுக்க ஊத்துங்க!"

"வேணாம் டீச்சர், போதும்!" பிளம்பர் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

பாராட்டுகிறார் என்று நினைத்த கணவர் பதிலுக்குக் கையாட்டினார். "டிரம் என்ன டிரம்? மொட்டை மாடி டேங்க்கையே திறந்து விடறேன்!" என்று உள்ளே ஓடினார்.

டீச்சர் படியில் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். "பாத்தீங்களா? தப்புப் பண்ணாதவங்களுக்குப் பயமே கிடையாது. இனிமே ஒவ்வொரு வீடா..."

பின்வாசலில் கணவர் தோன்றினார். பேன்ட் முழங்கால்வரை சிவப்பாக நனைந்திருந்தது.

"ஐயோ, யாராவது வாங்களேன்! கழிவறையெல்லாம் பொங்கி ஹால் வரைக்கும் வந்துடுச்சு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் படித்துறைக் குழாய் கடமுடவென்று உறுமியது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து வந்து டீச்சரின் காலடியில் 'பொத்'தென்று விழுந்தது. பின்னாலேயே சிவப்புத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியது. பிளம்பரின் மனைவி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விழுந்ததைக் குனிந்து புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன்! நம்ம தலையணைங்க... கிளி கூட அப்படியே இருக்கு!"