மதிலோரக் குழி

மறுபடியும் குழிக்குள் இறங்கினார்.

மண்ணை அள்ளி வெளியே போட்டார். காலையில் அவரே தள்ளி மூடிய மண்தான்.

நேற்று வெட்டிய குழி. அடியில் மணல் பரப்பி, கரையான் வராமலிருக்கக் கல்லுப்பும் போட்டிருந்தார். விடிந்ததும் அது வாயைத் திறந்துகொண்டு கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவசர அவசரமாக மூடினார்.

மூடிய பிறகு மண் மேடாக நின்றது. அது இன்னும் மோசம்.

அதனால்தான் திரும்பத் தோண்டுகிறார்.

மகள் சுகந்தியை நேற்று ராத்திரி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. மனைவி கூட இருக்கிறாள். நீங்கள் வந்து நின்றால் எங்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று அவரை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டாள்.

போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இருந்தது. சார்ஜ் இருந்தது. சேதிதான் இல்லை.

புதுத் தென்னங்கன்று சுவரோரம் சாக்கில் கிடந்தது. சேதி வந்த பிறகுதான் நடுவது. இந்தத் தடவை அதில் உறுதியாக இருந்தார்.

போன தடவை அவசரப்பட்டுவிட்டார்.

வளைகாப்பு அன்றே, முளைவிட்ட நெற்றுத் தேங்காய்க்கு மஞ்சள் பூசி, பேரப்பிள்ளைக்கென்று தோட்டத்து நடுவில் ஒரு கன்றை நட்டார். பிறக்கட்டும், பொறுங்கள் என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

கன்று பிடித்துக்கொண்டது.

அதைப் பிடுங்க மனசு வரவில்லை. பார்க்கவும் தெம்பில்லை. இரண்டு கோடையாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. சுகந்தி வந்தால் அதன் முன்னால் கொடி கட்டி வேட்டியைக் காயப்போடுவார். அவள் கண்ணில் படக்கூடாது. அவளும் எதுவும் கேட்டதில்லை.

அது பாட்டுக்கு நெஞ்சு உயரம் வளர்ந்து நின்றது. எதைக் குடித்து வளர்கிறதோ.

அதற்குப் பயந்துதான் புதுக்குழி இந்தக் கடைசியில், மதிலோரம். தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவர். யாராவது கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

போன் அடித்தது.

மண் கையோடு எடுத்தார். மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்த அழுகைக்குப் பின்னால் இன்னோர் அழுகை கேட்டது. சின்னது. கோபமானது.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். பேரனா பேத்தியா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

போன் சுகந்தியின் கைக்குப் போனது. குரலில் காற்றுதான் இருந்தது.

"அப்பா, கன்னு நட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு. குழி தயாரா இருக்குது."

"மதிலோரத்துல வேண்டாங்கப்பா. அவ பக்கத்துலயே வைங்க. ஒண்டியா நிக்கறா."



குழியிலிருந்து ஏறினார். புதுக் கன்றை நெற்றோடு சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டார். கொடியில் கிடந்த வேட்டியை உருவித் தோளில் போட்டார்.

பழைய கன்றுக்குக் கொஞ்சம் தள்ளி மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். கல்லாகக் காய்ந்திருக்கும் என்று நினைத்தார்.

மெத்தென்று இறங்கியது.

குனிந்து பார்த்தார். கன்றைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டியிருந்தது. நேற்றைய ஈரம் இன்னும் காயவில்லை. ஈரத்தில் இரண்டு பேருடைய காலடிகள்.



செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் கால் வைத்தார்.