அப் என்றால் மேலே

நர்ஸ் ரிசீவரை வைத்துவிட்டு அவளை நோக்கி வேகமாக வந்தாள்.

முகக்கவசத்துக்குள்ளிருந்து நிறையப் பேசினாள். அவள் காதில் நின்றது ஒன்றுதான்.

"ஹி இஸ் அப்."

காலையில் இதே நர்ஸ்தான் அவள் கணவர் படுத்திருந்த கட்டிலைத் தள்ளிக்கொண்டு, "கோயிங் டௌன் நௌ" என்றாள். லிஃப்ட் கீழே போனது. ஆபரேஷன் கீழ்த்தளத்தில். டௌன் என்றால் கீழே. இங்கிலாந்தில் லெஸ்டருக்கு, மகள் வீட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில் யாரும் சொல்லாமல் அவளுக்குப் புரிந்த முதல் இங்கிலீஷ் அது.

அப் என்றால் மேலே.

அவள் லிஃப்டைப் பார்த்தாள். கதவு திறந்தது. கையில் பூங்கொத்துடன் யாரோ இறங்கினார்கள். கட்டில் வரவில்லை.

"கமிங்?" என்று கேட்டாள்.

"நோ, லவ். நாட் கமிங் பேக் ஹியர்."

நர்ஸ் அவள் தோளைத் தட்டினாள். பிறகு அவருடைய பொருள்களைப் பையில் போட ஆரம்பித்தாள்.

மூக்குக்கண்ணாடி. பல்செட். பட்டைக்கரை வேட்டி. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மகள் வாங்கித் தந்த ஸ்வெட்டர்.

பையை அவள் மடியில் வைத்துவிட்டு, அடுத்த கட்டிலில் மணி அடிக்க, நர்ஸ் ஓடினாள்.

மேலே போய்விட்டார் என்றால் திண்டுக்கல்லில் ஒரே அர்த்தம்தான்.

போன் அடித்தது. பூங்கோதை.

அவள் எடுக்கவில்லை.

மகள் கார் ஓட்டிக்கொண்டிருப்பாள். பள்ளியிலிருந்து அழைத்துவரும் பிள்ளை பின்சீட்டில் இருக்கும். வந்து, காரை நிறுத்தி, இறங்கட்டும். அதுவரை அவளுக்கு அப்பா இருக்கட்டும்.

போன் அடித்து ஓய்ந்தது.

ஸ்வெட்டரை எடுத்து மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"நாப்பத்தோரு வருசம். ஒரு வார்த்த சொல்லாம மேல போயிட்டீங்களே."

வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே தெரியாது.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நீலச் சீருடை. ஐம்பது வயது இருக்கும்.

"அம்மா, தமிழோ? ஆர் போனது?"

அவள் பையைக் காட்டினாள். நர்ஸ் சொன்ன இரண்டையும் அப்படியே சொன்னாள். அப். நாட் கமிங் பேக்.

துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தப் பெண் நர்ஸிடம் ஓடினாள். திரும்பியும் ஓடித்தான் வந்தாள்.

"அம்மா, அழாதேங்கோ. அப் எண்டா எழும்பிட்டார் எண்டு. கண் முழிச்சிட்டாராம். வேற வாட்டில வச்சுப் பாக்கினமாம், அதுதான் இஞ்ச திரும்பி வரமாட்டார். எழும்புங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

அந்தப் பெண் கைகொடுத்துத் தூக்கினாள். ரப்பர் கையுறை ஈரமாக இருந்தது.

வழியில் அவள் பூங்கோதையைப் போனில் கூப்பிட்டாள். "அப்பா முழிச்சிட்டாரு. நீ பைய வா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நீண்ட தாழ்வாரங்கள். முடிவில் கண்ணாடி பதித்த கதவு. அந்தப் பெண் அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை.

அவள் அந்த ஈரக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ நல்லாயிருக்கணும் தாயி. உம் பேரு என்ன?"

"ஜெயகௌரி."

"இந்த இங்கிலீசுப் பேச்செல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

ஜெயகௌரி கதவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்ர மனுசன் செத்துப்போன அண்டைக்கு டொக்டர் வந்து 'பாஸ்டு' எண்டவர். நான் ஆள் பாஸாகிட்டார் எண்டு நினைச்சு, கையெடுத்துக் கும்பிட்டு தேங்க்யூ சொன்னனான்."

உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவர் கண் திறந்திருந்தார். பல்செட் இல்லாத வாயால் சிரிக்கப் பார்த்தார்.

அவள் கட்டிலருகே போனாள். அவருடைய ஊசி குத்தாத கையை மெல்லத் தூக்கி, கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்ற ஜெயகௌரியின் பக்கம் அசைத்துக் காட்டினாள்.