முட்டிப் படிகள்

திருமலைக்கு நடந்து ஏறும் வழியில் மோகாள மெட்டு வந்துவிட்டது. இந்தப் படிகளை முட்டி போட்டு ஏறுவதாகப் பலர் வேண்டிக்கொள்வார்கள். முன்னால் போனவர்கள் பூசிய மஞ்சள் காலை வெயிலில் இன்னும் ஈரமாக மின்னுகிறது. என் தங்கை தரணி முதல் படிக்கு முன்னால் நிற்கிறாள். கபடியில் லிகமென்ட் கிழிந்து, வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. படி ஏறலாம், முட்டி மட்டும் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மாவட்ட அணித் தேர்வு. நைனா அவளைக் கேட்காமலே அவள் முட்டியைச் சாமிக்கு நேர்ந்துவிட்டார்.

"பத்து படிதாம்மா. சாமி பாத்துக்குவாரு" என்கிறார். "அவரு பாத்துக்குவாருன்னா ஆபரேஷன் எதுக்கு நைனா?" என்கிறாள் தரணி. பின்னால் ஒரு பெண் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று நெருக்குகிறாள். தரணி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, முழங்கால் பட்டையைச் சர்ரென்று பிரிக்கிறாள். அந்தச் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் என் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. இப்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "வேண்டிக்கினது நீ. உன் முட்டிய போடு நைனா!"

நைனா என்னையே பார்க்கிறார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, பக்கச் சுவரைப் பிடித்து, மெல்ல முட்டி போடுகிறார். முதல் படியிலேயே முகம் சுருங்குகிறது. தரணி பட்டையை இறுக்கி ஒட்டிக்கொண்டு நிமிர்கிறாள். ஒன்பது மாதம் தன் காலை மடக்கவைத்த பிசியோதெரபிஸ்ட்டின் அதே குரலில் எண்ணுகிறாள்.

"ஒண்ணு. வலிக்குதா நைனா? இன்னும் ஒம்போது இருக்குது."