இருபத்தோராவது ஃபெயில்

“‘நீங்கதானே கனகலிங்கம்’னு கேட்டா என்னா அர்த்தம்? தூக்கக் கலக்கத்துல இருக்குற எவனும் ஆமான்னுதான் சொல்வான். ‘உங்க பேரு என்னா’ன்னு கேட்கணும். வெளியே போயிட்டு மறுபடியும் வா.”

புஷ்பவல்லி மருந்துத் தட்டோடு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

“மன்னிச்சிக்குங்க அங்கிள். நாற்பத்தெட்டு வயசுல நர்ஸ் பரீட்சைன்னா மண்டையில எங்க ஏறுது? மொத நாளு நான் வகுப்புக்குள்ள போனப்ப, டீச்சர் வந்துட்டாங்கன்னு பிள்ளைங்க எல்லாம் எழுந்து நின்னுச்சுங்க.”

கனகலிங்கம் சிரிக்கவில்லை. கிள்ளானில் முப்பது வருடம் கார் லைசென்ஸ் டெஸ்ட் அதிகாரியாக இருந்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு இரண்டாம் தடவைதான் லைசென்ஸ் கிடைத்தது என்றால் அந்தப் புண்ணியம் அவரையே சேரும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது; ஃபெயில் போட்ட கையும் அப்படித்தான். ரிட்டையர் ஆனபின் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவரிடம், “என் ஃபிரெண்டோட அக்கா, மருந்து கொடுத்துப் பழக ஒரு பேஷண்ட் வேணுமாம்பா” என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு முன் இவளைக் கொண்டுவந்து விட்டான் அவர் மகன் ஜெயந்திரன்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு டெஸ்ட். தினமும் ஃபெயில். ஒரு நாள் கை கழுவ மறந்தாள். ஒரு நாள் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்கவில்லை. நேற்று, மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

“என்னை மாதிரி ஒரு மக்கை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க அங்கிள்.”

“பார்த்திருக்கேன். ஒருத்தன் ரிவர்ஸ்ல வந்து என் காரையே இடிச்சான். அவனே பரவால்ல லா.”

சொல்லிவிட்டு, அவள் முதல் நாள் கொடுத்த பரீட்சை மார்க் பட்டியலை விரித்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“இங்க பாரு புஷ்பா. பேரு கேட்டதைக் கணக்குல சேர்க்கல. இனிமே ஒரு தப்பும் விடலன்னா பாஸ் போட்டுடுவேன். அதோட நீயும் வரவேணாம். உன் கை பழகணும்னு நான் நெசமாவே பிரஷர் மாத்திரையை முழுங்கிக்கிட்டிருக்கேன். மிட்டாயை வச்சுப் பழகக் கூடாதா?”

“மிட்டாய்க்கு மார்க் இல்லயாம் அங்கிள்.”

பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் புஷ்பவல்லி தட்டைக் கீழே வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பெயரைக் கேட்டாள். பிறந்த தேதியைக் கேட்டாள். இரண்டையும் மருந்துப் பையில் இருந்ததோடு ஒப்பிட்டாள். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு, எதற்காக என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

கனகலிங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘சரி’ போட்டுக்கொண்டே வந்தார். கோடு போட இடம் கிடைக்காத வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“நன்றிங்க அங்கிள்” என்று புஷ்பவல்லி கையெழுத்துப் போட ஃபைலை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“நில்லு.”

நின்றாள்.

“எதையோ மறந்துட்டே.”

“இல்லையே அங்கிள். எல்லாம் செஞ்சேனே.”

“நான் முழுங்குனேனா இல்லையான்னு பார்த்தியா?” அவர் குரலில் ஒரு வாரமாகக் காணாத உற்சாகம். “சில பேஷண்ட் கன்னத்துல அடக்கி வச்சிக்கிட்டு, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் துப்பிடுவான். பெரிய கள்ளனுங்க. இங்க வா, பாரு.”

வாயை அகலமாகத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். கன்னத்தை விரலால் இழுத்து இரண்டு பக்கமும் காட்டினார். புஷ்பவல்லி டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தாள். மாத்திரை இல்லை.

“கண்ணாடியில பின்னால பார்க்காம லேன் மாறுன மாதிரி. ஃபெயில்” என்று சிவப்பில் ஒரு நீண்ட கோடு இழுத்தார் கனகலிங்கம். “நாளைக்கு எட்டு மணிக்கு வா. ஒரு நிமிஷம் லேட்டாச்சுன்னா அதுக்கும் ஃபெயில்.”

“எனக்கெல்லாம் எங்க அங்கிள் தேறப்போகுது” என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் புஷ்பவல்லி.

கேட்டைத் தாண்டியதும் கைப்பேசி அடித்தது. ஷா ஆலத்திலிருந்து ஜெயந்திரன். குரலில் பதற்றம்.

“என்னா ஆச்சுங்க? முழுங்கிட்டாரா?”

“முழுங்கிட்டாரு. நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டிட்டாரு.”

“அப்பாடா. வாய் கோணி விழுந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கு அப்புறம் மாத்திரையே வேணாம்னு மூணு நர்ஸை விரட்டுனவரு. ஆனா பாஸ் போட்டுட்டாருன்னா நாளைக்கே மாத்திரையை நிறுத்திடுவாரே சிஸ்டர், அதான் பயமா இருக்கு.”

“பயப்படாதீங்க தம்பி” என்று கார்க் கதவைத் திறந்தாள் புஷ்பவல்லி. “இருபது வருஷமா நர்ஸ் பிள்ளைங்களுக்கு இந்தப் பரீட்சையை வைக்கிறவளே நான்தான், இதுல எத்தனை விதமா ஃபெயிலாகலாம்னு எனக்குத் தெரியாதா?”